முந்நூறு எண்ணும்வரை

"படி தடுக்குதுங்க."

"தடுக்கும். அரை விரற்கடை கூடுதலா இருக்கு."

"பதினாலு வருஷமா தாண்டுற படி. இன்னிக்குத்தான் கூடுச்சா?"

"மழையில மரம் ஊதும்மா. மரம் பண்ற சேட்டைக்கு நீ ஏன் முழிக்கிற? நாளைக்குச் சீவி விட்டுடறேன்."

"சீவிச் சீவி ஒரு நாள் படியே இல்லாம போயிடப் போகுது."

"போகட்டும். நீ விழாம இருந்தா போதும்."

அன்றைக்கு அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். பிற்பாடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நாட்களில் அவள் இந்தப் பேச்சைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். எந்த இடத்தில் மாற்றிப் பேசியிருக்கலாம் என்று தேடினாள். கால் தடுக்குகிறது என்று சொல்லியிருக்கலாம். படி என்றுதான் அவள் வாயில் வந்தது. படி என்றால் அது அவன் வேலை.

அவன் தச்சன். பட்டறையில் அவனுக்கு ரசமட்டம் என்று பெயர். மேசையோ அலமாரியோ, மட்டம் வைத்துக் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்க்காமல் கையை எடுக்க மாட்டான். கல்யாணத்தன்று விருந்து மேசை ஆடுகிறதென்று மாப்பிள்ளையே குனிந்து காகிதம் மடித்து வைத்தவன். பெண் வீட்டார் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் அந்தக் குனிந்த முதுகைப் பார்த்ததும் இந்த ஆளோடு நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றியது. அப்படியேதான் இருந்தாள். பிள்ளை இல்லை. அந்தக் குறை தெரியாமல் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டார்கள்.

அவளுக்கு ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. நடுக்கூடத்தில் இருபதடி மேசை. மடித்த காகிதக் கட்டுகள் ஒன்றிலிருந்து பதினாறு வரை அதன் விளிம்பில் வரிசையாக இருக்கும். ஆறு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மேசையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒன்றை உருவிக் கையில் சேர்த்துக்கொண்டே போவார்கள். ஒரு சுற்று முடிந்தால் ஒரு புத்தகம். ஒரு நாளைக்கு நானூறு சுற்று. முதலில் போகிறவள் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். பதினொரு வருஷமாக முதலில் போனவள் அவள்தான், அதனால் அங்கே அவளுக்கு எஞ்சின் என்று பெயர்.

படி தடுக்கிய அதே மாதத்தில், ஒன்பதாவது அடுக்குக்கும் பத்தாவது அடுக்குக்கும் நடுவில், பின்னால் வந்தவள் அவள் முதுகில் முட்டினாள். அட்டை ஒட்டுவதில் கெட்டிக்காரி என்பதால் முட்டியவளை எல்லோரும் பசைக்காரி என்பார்கள்.

"என்னடி எஞ்சின், சிக்னல் விழலையா?"

அன்று சிரித்துவிட்டு நடந்தாள். மறுவாரம் அவளுடைய வலது செருப்பு நான்காவது அடுக்கிலேயே கழன்று கிடக்க, அவள் ஏழாவது அடுக்கு வரை வெறுங்காலோடு போய்விட்டாள். கழன்றது அவளுக்குத் தெரியவில்லை. பசைக்காரி செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, ஆற்றில் இறங்கப் போகிறாயா என்று கேட்டாள். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலமே செருப்புக்குப் பின்பக்கம் தோல்வார் வைத்துத் தைத்துக் கொடுத்தான் அவன்.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. குளியலறையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவன் சுவரில் கைப்பிடி அடித்தான். அடுப்படியில் நிற்க முடியவில்லை என்றாள், முதுகு சாய்க்க வசதியோடு உயரமான முக்காலி வந்தது. கட்டிலிலிருந்து எழும்போது முழங்கால் மடங்கியது, கட்டில் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினான். எல்லாம் மழமழவென்று இழைத்து, முனை மழுக்கி, கைக்கு வாட்டமாக இருக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே என்று தங்கள் புருஷன்களைத் திட்டினார்கள். அவள் பெருமையாக முக்காலியில் உட்கார்ந்து அவர்களுக்குத் தேநீர் ஊற்றினாள். வெந்நீர் சிந்தி வலது தொடை கொப்புளித்ததை ராத்திரி துணி மாற்றும்போதுதான் பார்த்தாள்.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. தெருமுனை டாக்டர் முழங்காலைப் படம் எடுக்கச் சொன்னார், தேய்மானம் என்றார், சத்து ஊசி போட்டார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் விடிகாலையில் வருகிற வலியையும், யாரோ ஈரத்துணியை வயிற்றைச் சுற்றிப் போட்டு முறுக்குவது போன்ற இறுக்கத்தையும் அவள் அவரிடம் சொல்லவில்லை. கால் வலிக்குப் போன இடத்தில் முதுகு வலியை ஏன் சொல்வது என்று நினைத்தாள். கணவனிடம் சொன்னாள். அவன் கட்டிலின் நடுப்பலகை தொய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைக் கழற்றிவிட்டுப் புதுப்பலகை போட்டான். இரண்டு நாள் வலி குறைந்த மாதிரியும் இருந்தது.

பசைக்காரி மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, நரம்பு டாக்டரைப் பார். அவனிடமும் ஒருமுறை வாசலில் நின்று சொன்னாள். அவன் கோபப்படவில்லை. அச்சகத்துத் தரை ஒரு பக்கமாக இறங்கியிருக்கிறது, நாள் முழுக்க ஒரே பக்கமாகச் சுற்றினால் யாருக்கும் ஒரு கால் ஓயத்தான் செய்யும், வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வந்து மட்டம் பார்த்துத் தருகிறேன் என்றான். உண்மையாகவே வந்தான். தரை உண்மையாகவே கால் அங்குலம் இறங்கியிருந்தது. அதுதான் வினை.

பதினோராவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில், அவளுக்கு இரண்டு கால்களும் எழவில்லை. போர்வைக்கு அடியில் கிடந்தது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கூப்பிட்டாள். அவன் வந்து பார்த்தான், தொட்டான், கிள்ளினான். பிறகு, பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. பழுது பெரிதாக ஆக, செய்கிற சாமானும் பெரிதாக வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த கணக்கு. நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு நடைச்சட்டம் செய்ய ஆரம்பித்தான். வேலைக்குப் போகாமல், சரியாகச் சாப்பிடாமல், நடுவில் வந்து அவளுக்கு ரொட்டி பிய்த்து ஊட்டிவிட்டு, உடம்பு துடைத்துவிட்டு, மறுபடி ஓடினான். அவசர வேலை என்று பாலிஷ் போடாமல் விடவும் மனசு வரவில்லை. கை பட்டால் சிராய் ஏறும் அல்லவா?

நாலாவது நாள் சட்டம் வந்தது. அவ்வளவு அழகான சாமானை அவன் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை. அவளைத் தூக்கி அதற்குள் நிறுத்தினான். பிடித்துக்கோ என்றான். பிடித்துக்கொண்டாள். கையை எடுத்தான். நனைந்த கோணி மாதிரி அவள் சரிந்து விழுந்தாள். தரை ஈரமாகியது. அது தன்னிடமிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியவில்லை, அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

நாலு நாளாக அவள் வேலைக்கு வராததைப் பார்த்து, அன்று மத்தியானமே பசைக்காரி வண்டி பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதுகைப் படம் எடுத்தார்கள். ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் அதிகம் பேசுகிறவரில்லை. படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து, நடுமுதுகில் ஓரிடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். திராட்சை அளவுக்கு ஒரு கட்டி, தண்டுவடத்தை ஓரமாக நசுக்கிக்கொண்டிருந்தது.

"எந்திரிச்சு நிக்க முடியாம எத்தனை நாள் ஆச்சு?"

"நாலு நாள் சார்."

"நாலு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவன் வாயைத் திறந்தான். விரல் இடுக்கில் இன்னும் பாலிஷ் கறை போகவில்லை. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். படுக்கையிலிருந்து அவள்தான் பேசினாள்.

"எனக்குக் காய்ச்சல் சார். அது விடட்டும்னு நான்தான் சொன்னேன்."

டாக்டர் இருவரையும் பார்த்தார். பிறகு, திட்டி இனிமேல் பிரயோஜனமில்லை என்பது போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கட்டி நல்ல கட்டிதான், புத்துநோய் இல்ல. முழுசா எடுத்துடலாம். ஆனா கட்டியை எடுக்கறது வேற, கால் வர்றது வேற. நடந்து வந்தவங்க பெரும்பாலும் நடந்து போறாங்க. தூக்கிட்டு வந்தவங்களுக்கு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மிச்சமில்லாமல் எடுத்துவிட்டோம் என்று சொன்னபோது டாக்டர் முகத்தில்கூட ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. அவன் அவர் காலில் விழப் போனான்.

அடுத்த கட்டிலில் ஒரு சமையல்காரம்மா இருந்தாள். விடுதி ஒன்றில் இருநூறு பேருக்குச் சமைக்கிறவள். அவளுக்கும் அதே கட்டி, ஏறக்குறைய அதே இடம், இரண்டு நாள் முன்னால் ஆபரேஷன். அவள் கோலை ஊன்றிக்கொண்டு வந்து படுத்தவள். ஆறாம் நாள் எழுந்து, சுவரைப் பிடித்தபடி கழிப்பறைக்குப் போய்வந்தாள்.

"எல்லாம் என் மருமக புண்ணியம்," என்றாள் அவள், மூச்சு வாங்க உட்கார்ந்துகொண்டு.

"நல்லா பாத்துக்குவாங்களா?"

"அவளா? எனக்கும் அவளுக்கும் ஜென்மப் பகை. நான் காலை இழுத்து இழுத்து நடக்கறது நடிப்புன்னு சொன்னா. வேலை செய்யாம இருக்க வேஷம் போடறேனாம். டாக்டர் வாயாலயே அதைச் சொல்ல வைக்கணும்னு மூணாவது வாரமே இழுத்துட்டு வந்துட்டா." சமையல்காரம்மா சிரித்தாள். "படத்தைப் பார்த்ததும் மூஞ்சி செத்துப்போச்சு அவளுக்கு."

தச்சன் மனைவியும் சிரித்தாள். ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவன் சிரிக்கவில்லை. சுளைகளின் மேலிருந்த நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேயிருந்தான்.

பன்னிரண்டாம் நாள் அவளுடைய வலது கால் வெட்டி இழுத்தது. அவன் வார்டு முழுவதும் கேட்கும்படி நர்ஸைக் கூப்பிட்டான். உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண் வந்து பார்த்தாள். அது தானாகத் துடிப்பது, இவர்கள் நினைத்து அசைப்பதில்லை என்று பொறுமையாக விளக்கினாள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். ஒரு வருஷத்துக்குள் கொஞ்சம் வந்தால் வரும், அதற்குமேல் எதிர்பார்ப்பது கஷ்டம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம், சக்கர நாற்காலி ஒன்று வாங்குங்கள், அதில் ஏற இறங்கப் பழக்குங்கள், உங்கள் மனைவி வேலைக்குக்கூடப் போகலாம். தாளை அவன் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். நாற்காலி வந்தால் கால் வராது என்று வண்டியில் வரும்போது சொன்னான். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

வீட்டில் நடுவறைச் சாமான்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குக் கம்பு நட்டான். அவள் கால்களுக்கு அளவெடுத்து, தொடையிலிருந்து குதிகால் வரை மரத்தில் குடைந்து இரண்டு தாங்கிகள் செய்தான். தினமும் காலை ஆறு மணிக்கு அவற்றை வாரால் இறுக்கி அவளை நிறுத்துவான். முந்நூறு எண்ணும்வரை நிற்க வேண்டும். அவள் இடுப்பில் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பான்.

"இடப் பக்கம் இறங்குது. கொஞ்சம் தூக்கு."

"எதைத் தூக்குறது?"

"மனசுல நினை. நினைச்சா வரும்."

அவள் நினைத்தாள். வேர்த்து ஊற்றும். தலை சுற்றும். நூற்று நாற்பதில் கண் இருட்டும். அவன் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொண்டு கம்பைப் பிடித்திருப்பாள். முந்நூறு ஆனதும் அவளை அணைத்து இறக்கி, நெற்றியைத் துடைத்து, நேற்றைக்கு இன்றைக்குத் தேவலை என்பான். அவன் குரல் நடுங்கும். அந்த நடுக்கத்துக்காகவே மறுநாளும் நின்றாள்.

ஏழாவது மாதம் பசைக்காரி ஒரு பழைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுக்காரர் வழியில் யாரோ உபயோகித்தது. அச்சக முதலாளியிடம் பேசிவிட்டேன், மேசை முனையில் உட்கார்ந்து காகிதம் மடிக்கிற வேலை தருகிறேன் என்கிறார், பாடப்புத்தக வேலை ஆரம்பிக்கிறவரை இடத்தை வைத்திருப்பார் என்றாள். கட்டிலில் கிடந்தவள் கண் நாற்காலியை விட்டு அகலவில்லை. அவன் வேலையிலிருந்து வந்தான். நாற்காலியைச் சுற்றிப் பார்த்தான். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. எண்ணெய் விட்டான், தளர்ந்திருந்த திருகுகளை முடுக்கினான், துடைத்தான். பிறகு அவனே அதைத் தெருவோடு தள்ளிக்கொண்டு போய்ப் பசைக்காரி வீட்டில் விட்டுவிட்டு வந்தான். அவள் நடந்தே வேலைக்கு வருவாள் என்று முதலாளியிடம் சொல்லச் சொன்னானாம்.

"ஏன்டி, உனக்கு வாய் இல்லையா?" என்று மறுநாள் கேட்டாள் பசைக்காரி. "எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"கேட்டுடலாம்."

"எப்ப?"

"கேட்டா, கால் வராதுன்னு அர்த்தம். கால் வராதுன்னா அந்தப் பதினோரு மாசத்தை அவர் எங்க கொண்டுபோய் வைப்பாரு?"

பசைக்காரி கிட்டே வந்து உட்கார்ந்தாள். போர்வையை ஒதுக்கிக் கால்களைத் துடைத்துவிட ஆரம்பித்தாள். இடது குதிகாலில் தாங்கியின் விளிம்பு பட்ட இடத்தில் தோல் போய், உள்ளே ஒரு நாணயம் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கறுத்து, நாற்றம் எடுத்திருந்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை. பசைக்காரி அவன் வரும்வரை காத்திருந்து, அண்ணே என்று கூப்பிட்டு, காலைத் தூக்கிக் காட்டினாள். அவன் முகம் வெளுத்தது. ராத்திரிக்குள் தாங்கியின் விளிம்பை இழைத்து, பஞ்சு வைத்து, மெத்தென்று துணி சுற்றிவிட்டான்.

புண் ஆறுவதும் திறப்பதுமாக இருந்தது. பாடப்புத்தக வேலை ஒருமுறை வந்து போயிற்று. முதலாளி இன்னொரு வருஷம் பார்க்கலாம் என்றாராம். அவன் வேலைக்குப் போன பிறகு, பகல் முழுக்க ஜன்னல் வெயில் சுவரில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு, அவனிடம் சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்லிப் பார்ப்பாள். இரண்டே வாக்கியம். அவன் வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டதும் இரண்டும் உள்ளே போய்விடும்.

பதினெட்டு மாதம் கழித்து மறுபடி படம் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த காலை. ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன, எடுத்துக்கொள்ளுங்கள் என்று காவலாளியும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவன் அவளைக் கைகளில் ஏந்திக்கொண்டு நடந்தான். நாற்பத்தொரு வயதுப் பெண். தாழ்வாரத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் புன்னகைத்தார்கள். அவள் சேலைத் தலைப்பால் கால்களை மறைக்கப் பார்த்தாள், கை எட்டவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சமையல்காரம்மா வந்தாள். தன் கோப்பைத் தானே இடுக்கிக்கொண்டு, வேகமாக, கோல் இல்லாமல். பின்னால் மருமகள் வெறுங்கையோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். சமையல்காரம்மா இவளை அடையாளம் கண்டு ஓடிவந்து கையைப் பிடித்தாள். கால்களைப் பார்த்தாள். 

"நீங்க எப்ப வந்து காட்டினீங்க? ரொம்ப நாள் விட்டுட்டீங்களோ?"

"இல்லம்மா," என்றான் அவன். "உடனே வந்துட்டோம். மூணே வாரத்துல."

"அப்படியும் இப்படியா? பாவம்," என்று சமையல்காரம்மா அவனுடைய தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு டாக்டரிடம் காய்ச்சல் என்று பொய் சொன்னவள் அவள்தான். அது அவனைக் காப்பாற்றச் சொன்னது. இது அவள் உடம்பில் நடந்ததையே இல்லையென்று சொன்னது. பதினோரு மாதம் முட்டியது, விழுந்தது, கொப்புளித்தது, எல்லாம் மூன்று வாரமாகிவிட்டது.

டாக்டர் ஊசிமுனையால் கால்களைத் தொட்டுக்கொண்டே வந்தார். தொப்புளுக்குமேல்தான் அவளுக்குத் தெரிந்தது. படம் சுத்தமாக இருந்தது, கட்டி திரும்ப வரவில்லை. ஆபரேஷனைப் பொறுத்தவரை இதைவிட நல்ல முடிவு கிடையாது என்றார். இன்னொரு ஆபரேஷன் செய்தால் என்ன என்று அவன் கேட்டான். எதை எடுக்க, எடுக்க ஒன்றுமில்லையே என்றார் அவர். பிறகு குதிகாலைப் பார்த்தார். இதை யார் செய்தது என்று கேட்டபோது முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"பஞ்சு இன்னும் கனமா வைக்கறேன் சார்," என்றான் அவன்.

"அதைத் தூக்கிப் போடுங்க. எலும்புக்குப் போச்சுன்னா காலையே எடுக்க வேண்டி வரும். இனிமே காலுக்காகக் காத்திருக்காதீங்க. அவங்களை வாழ விடுங்க."

அவன் தலையாட்டினான். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். தாழ்வாரத்தில் பாதி தூரம் நடந்தான். அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவள் விலாவில் கேட்டது. பிறகு அவள் காதோரம் மெதுவாகச் சொன்னான்.

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. நாளையிலேர்ந்து தாங்கி இல்லாம நிக்கலாம். நான் பின்னால பிடிச்சுக்கறேன். முந்நூறு வேண்டாம், ஐந்நூறு எண்ணலாம். என்ன?"

"இறக்குங்க."

"வண்டி வரைக்கும்..."

"இறக்குங்க என்னை."

ஜன்னலோரத்தில் இருந்த பெஞ்சில் அவளை உட்கார வைத்தான். சரிந்துவிடாமல் இருக்க, எதிரில் மண்டியிட்டு, இரண்டு முழங்கால்களையும் பிடித்துக்கொண்டான். அவன் பிடித்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை, பார்க்கத்தான் முடிந்தது. இந்த ஒன்றரை வருஷத்தில் அவன் தலை நரைத்திருந்தது. அவள் கை அந்தத் தலைக்குப் போகப் பார்த்தது. போக விடாமல் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு சக்கர நாற்காலி வேணும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒரு ஸ்ட்ரெச்சர் அவர்களைக் கடந்து போயிற்று. அது திருப்பத்தில் மறைந்தது. அவன் கண்கள் நிறைந்தன, நிறைந்தபடியே நின்றன. பிறகு அவை அவள் இடுப்புக்கு இறங்கின, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயின, முழங்காலுக்கு வந்தன.

"சரிம்மா," என்றான். "உனக்குப் பதினாறு அங்குலம் அகலம் போதும். பட்டறையில நல்ல காய்ஞ்ச பலகை கிடக்கு. கை வைக்கிற இடத்தை மட்டும் கொஞ்சம் குழிச்சு..."

"நீங்க செய்ய வேண்டாம்," என்றாள் அவள். "கடையில வாங்கிக் குடுங்க."